கிணற்றுக்கு ஒரு சுவர்

(நாமக்கல்லில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'மெய்யான சமயமும் சமூக நீதியும்' என்று தலைப்புக் கொடுத்து, கிறிஸ்தவப் போதனை இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பேசச் சொன்னீர்கள். நான் மறைநூல் ஆராய்ந்த அறிஞன் அல்ல. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே தத்துவத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு கிணற்றடிக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வெகுதூரம் இல்லை, நம் கொல்லிமலைதான்.

நூறு வருடத்துக்கு முந்தைய கொல்லிமலையை மனத்தில் வையுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு பேருந்து ஏறும் இன்றைய சாலை அப்போது இல்லை. அடிவாரத்திலிருந்து நடந்து ஏற வேண்டும். முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்துச் சாப்பிட்ட மலையாளிப் பழங்குடி மக்களுக்குப் பல இடங்களில் குடிதண்ணீர், படியிறங்கி மொள்ளுகிற கிணற்றில் இருந்துதான் வந்தது. பானையோடு இறங்குவார்கள், முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மொண்டுகொண்டு ஏறுவார்கள். அந்தத் தண்ணீரில்தான் நரம்புச் சிலந்தி இருந்தது.

இளையவர்கள் இந்த நோயின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். தண்ணீரில் உள்ள மிகச் சிறிய பூச்சிக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். குடித்தவர் உடம்புக்குள் அது ஏறக்குறைய ஒரு வருடம் வளர்ந்து, முழ நீளத்துக்கும் மேலான வெள்ளை நூல் போல் ஆகிவிடும். பிறகு காலில் கொப்புளம் எழுப்பிக்கொண்டு தலையை நீட்டும். நெருப்புப் பட்டது போல எரியும். எரிச்சல் தாங்காமல் அந்த ஆள் காலைக் கிணற்றுத் தண்ணீரில் வைப்பார். வைத்த கணத்தில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அடுத்த பானை அதே தண்ணீரை மொள்ளும்.

1913-ஆம் ஆண்டு சேந்தமங்கலத்தில் ஆங்கிலேய மிஷனரிகள் இருவருக்குத் திருமணம் நடந்தது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். மலையேறி அங்கேயே குடியிருந்தார்கள். ஜெஸ்ஸி முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவர் அல்ல. கட்டடத் தொழில் தெரிந்தவர், லண்டனில் ஒரு வருடம் வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிப் படித்தவர். நரம்புச் சிலந்தி வந்தவர்கள் அவரிடம் வருவார்கள். ஒரு சின்னக் குச்சியில் புழுவின் தலையைச் சுற்றி, இன்றைக்கு இரண்டு விரற்கடை, நாளைக்கு இரண்டு விரற்கடை என்று பல நாள் பொறுமையாகச் சுற்றி எடுப்பார். அவசரப்பட்டால் புழு அறுந்துவிடும். அறுந்த துண்டு உள்ளே அழுகிக் காலே போனாலும் போய்விடும். அப்பா இப்படிச் சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகன், 1914-இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்தவர், பின்னாளில் அதை எழுதி வைத்திருக்கிறார்.

சுற்றி எடுப்பதோடு ஜெஸ்ஸி பிராண்ட் நின்றிருக்கலாம். ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஜெபம், ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு நன்றி என்று அவர் காலம் மரியாதையாகப் போயிருக்கும். அவர் கிணற்றுக்குப் போனார். கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் கட்டுங்கள், இனி யாரும் தண்ணீருக்குள் கால் வைக்க வேண்டாம், வாளி விட்டு இறையுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக் கட்ட வைத்தார். புழுவைச் சுற்றி எடுப்பதை இரக்கம் என்கிறோம். சுவர் கட்டுவதற்கு என்ன பெயர்? கிறிஸ்தவ வேதம் அதை நியாயம் என்கிறது. இன்று நான் பேச வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான்.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம் ஒன்று இருக்கிறது. சின்ன நிருபம், ஐந்தே அதிகாரம். மெய்யான சமயம் எது என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் இடம் அதன் முதல் அதிகாரத்தின் கடைசி வசனம். கிரேக்க மூலத்தில் அங்கே வரும் சொல், கோயிலில் செய்யும் வழிபாட்டைக் குறிக்கிற சொல். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதைப் 'பக்தி' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தேர்வு மிகவும் பிடிக்கும். பக்தி என்றதும் தமிழன் மனத்தில் தீபமும் மணியும் பாட்டும் உருகலும் வந்துவிடும். யாக்கோபோ அந்த இடத்தில் விதவையின் வாசலையும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையின் வாசலையும் காட்டுகிறார். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வேதம் 'திக்கற்றவர்கள்' என்று பெயர் வைத்தது. போக ஒரு திசையும் இல்லாதவர்கள். அவர்கள் படும் துன்பத்தில் அவர்களைப் போய்ப் பார்ப்பதுதான் மாசில்லாத பக்தி என்கிறார். அதே மூச்சில், உலகத்தின் அழுக்கு உன்மேல் படாமல் பார்த்துக்கொள் என்றும் சொல்கிறார். இந்த இரண்டாவது பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, குடிக்காதே, சினிமா பார்க்காதே என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! முதல் பாதிக்கு அந்த அளவு நேரம் ஒதுக்கினோமா?

அடுத்த அதிகாரத்தில் அவர் சபைக்குள்ளேயே வந்து நிற்கிறார். தங்க மோதிரமும் நல்ல உடுப்புமாக ஒருவர் வந்தால் நல்ல இடத்தில் உட்கார வைக்கிறீர்கள். கந்தையோடு வந்தவரை அங்கே நில், இல்லாவிட்டால் என் காலடியில் உட்கார் என்கிறீர்கள் என்று கண்டிக்கிறார். ஐந்தாவது அதிகாரத்தில், அறுவடை செய்த ஆளுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி, தானே வாய் திறந்து கூக்குரல் போடுகிறது என்கிறார். ஆக, யார் வீட்டு வாசலுக்குப் போனாய், யாரை எங்கே உட்கார வைத்தாய், கூலியைச் சரியாகக் கொடுத்தாயா என்ற மூன்று கேள்விகள். விவிலியத்தில் இது புதிதாக வந்த பேச்சும் அல்ல. ஏறக்குறைய எண்ணூறு வருடம் முன்னால் ஆமோஸ் என்ற ஆட்டுக்காரர், உங்கள் பண்டிகையும் பாட்டும் கடவுளுக்கு வேண்டாம், நியாயம் தண்ணீராக ஓடட்டும் என்று கோயிலுக்கு முன்னால் நின்று பேசினார். நியாயத்துக்கு அவர் சொன்ன உவமை தண்ணீர் என்பதைக் கவனியுங்கள். வறண்ட நாட்டுக்காரர் அவர். நாமும் வறண்ட நாட்டுக்காரர்கள். தண்ணீர் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்பதில்தான் ஒரு ஊரின் நியாயம் தெரியும் என்பது மேட்டூர்த் தண்ணீரைப் பார்த்து வாழ்கிற நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சேந்தமங்கலம் என்ற பெயரைச் சொன்னேன். அந்த ஊருக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. பிராண்ட் தம்பதிக்கு 290 வருடம் முன்னால், 1623-இல், அதே சேந்தமங்கலத்துக்கு மதுரையிலிருந்து ஒரு சந்நியாசி வந்தார். காவி உடை, பாதக்குறடு, மரக்கறி உணவு. இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, நாம் தத்துவ போதகர் என்று அறிந்தவர். சேந்தமங்கலத்தில் அப்போது ஆட்சி செய்தவர் ராமச்சந்திர நாயக்கர். அங்கிருந்து நோபிலி சேலத்துக்கும் போனார். அவருடைய தமிழ் உரைநடைக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். இந்த நாட்டு மக்களின் பழக்கத்தை மதிக்காமல் இந்த நாட்டு மக்களிடம் பேச முடியாது என்று முதலில் உணர்ந்த ஐரோப்பியர்களில் அவர் ஒருவர். அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை.

ஆனால் அவர் மதித்த பழக்கங்களில் சாதியும் இருந்தது. பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தது அதே 1623-ஆம் வருடம்தான். அந்தக் கடிதத்தின் கடைசியில் ஒரு வேண்டுகோள் இருந்தது. உயர்குடி என்று பெருமை கொள்கிறவர்கள், எளியவர்களை இழிவாக நடத்தக் கூடாது, முக்கியமாகக் கோயிலில் வசனம் கேட்கும்போதும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறும்போதும் ஒதுக்கக் கூடாது என்று. அனுமதி உடனே நடைமுறைக்கு வந்துவிட்டது. வேண்டுகோள் நானூறு வருடமாகக் காத்துக்கொண்டிருக்கிறது. 1640 வாக்கில் 'உயர்ந்த' சாதிகளுக்குச் சந்நியாசி குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரச்சாமிகள் என்று குருக்களே இரண்டாகப் பிரிந்தார்கள். இது தந்திரம், நாளடைவில் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பார்கள். சரியாகவில்லை. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு இரண்டு கைகள் போல இரண்டு மண்டபம் கட்டி, நடுவில் சுவர் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவரை இடித்தபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். கொல்லிமலையில் ஒரு சுவர் கட்டினார்கள், மக்கள் பிழைத்தார்கள். சமவெளியில் நாம் கட்டிய சுவர்கள் வேறு வகை.

நான் மற்ற ஊரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் அது நேர்மை ஆகாது. எங்கள் ஊரும் இந்த மாவட்டத்துக்குள்தான். பெயர் சொல்லவில்லை. ஊர்க் கிறிஸ்தவர்கள், காலனிக் கிறிஸ்தவர்கள் என்று இரண்டு பிரிவு. நான் ஊர்ப் பிரிவு. ஞானஸ்நானம் ஒரே தொட்டியில்தான். நற்கருணை வாங்குவதும் ஒரே பாத்திரத்திலிருந்துதான், வரிசை மட்டும் வேறு. திருவிழாவில் மாதா சப்பரம் எங்கள் தெருக்களைச் சுற்றி வந்து காலனி முக்கில் நின்றுவிடும். அங்கே இருக்கிறவர்கள் உப்பும் மிளகும் தட்டில் வைத்துக்கொண்டு முக்கு வரை நடந்து வருவார்கள். சின்ன வயதில் எனக்கு அது விநோதமாகவே தோன்றவில்லை. சப்பரத்துக்கு அந்தத் தெரு குறுகல் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். பெரியவனான பிறகு ஒருநாள் அந்தத் தெருவில் கரும்பு லாரி ஒன்று திரும்பி வெளியே வந்ததைப் பார்த்தேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே இடுப்பளவு சுவர் ஒன்று ஓடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி கேட். அன்று சாயங்காலம் இரண்டு பக்கமும் செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியுமாக இருக்கும். இருட்டிய பிறகு சுவர் கண்ணுக்குத் தெரியாது, சுடர்கள் மட்டும் ஒரே வயல் போலத் தெரியும். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு முதலில் எங்கள் பக்கம் வருவார், முடித்துவிட்டு வெளியே போய் அடுத்த கேட் வழியாக அந்தப் பக்கம் போவார். என் பேத்திக்கு அப்போது ஆறு வயது. "தாத்தா, சாமி ஏன் சுத்திப் போறாரு? தாண்டிப் போலாமே?" என்று கேட்டாள். பாதிரியாருக்கு அங்கி தடுக்கும் கண்ணு என்று சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்தியவன் சொன்ன பதில் அது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினர் கிறிஸ்தவர் ஆனால் அந்தத் தகுதியை இழக்கிறார்கள். 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் அந்த வரம்பு தளர்த்தப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தளரவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் கொடுத்த அறிக்கை அதை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மதம் மாறியவனை வன்கொடுமை செய்கிறவன் அவன் கழுத்தில் சிலுவை இருக்கிறதா என்று பார்த்துச் செய்வதில்லை. ஆகவே இந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது, அதற்காக நான் ஊர்வலத்திலும் நடந்திருக்கிறேன். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அரசு வாதாடும்போது, இருக்கிறது என்று நாம் மனு கொடுக்கிறோம். அந்த மனுவுக்குச் சாட்சியாக நம் கல்லறைத் தோட்டச் சுவரையே காட்ட முடியும் என்பது எனக்கு நெஞ்சை அறுக்கிறது.

மலைக்கே திரும்புவோம். பிராண்ட் தம்பதியைத் தேடி ஐந்தாறு வருடம் யாரும் வேதத்துக்கு வரவில்லை. மருந்துக்கு வந்தார்கள், போனார்கள். உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார் என்கிறார்கள். முதல் உலகப்போரின் முடிவில் விஷக்காய்ச்சல் மலையிலும் பரவியது. வீடு வீடாகச் செத்தார்கள். அண்டை வீட்டாரே எட்டிப் பார்க்கப் பயந்தார்கள். கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு இந்த இருவரும் குடிசை குடிசையாகப் போய் ஊட்டினார்கள். அந்தப் பூசாரியும் படுத்தார். சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை வளர்க்கும்படி அவர்களிடமே ஒப்படைத்தார். அவர் அவர்களிடம் கொள்கை விளக்கம் எதையும் கேட்கவில்லை. திக்கற்ற பிள்ளைக்குத் திக்கு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் காய்ச்சலில் இறந்து மலையிலேயே அடக்கமானார். ஈவ்லின் வயதான பிறகு, ஓய்வு பெறும்படி மிஷன் சொன்னது. மலைக்கு அனுப்ப மறுத்தது. சரி, ஓய்வு பெறுகிறேன் என்றார். ஓய்வு பெற்றதும் தனி ஆளாக மலையேறிவிட்டார். அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போவார். விழுந்து எலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு போவார். 1974-இல் 95 வயதில் கண்மூடினார். கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்த மகன், பால் பிராண்ட், மருத்துவரானார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தார். விரல்கள் நோயினால் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் அடிபட்டு அழிகின்றன என்று காட்டினார். ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் தெரியாது. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார். நிமிர்ந்த கையோடு வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஐயா, தழும்பைப் பார்த்து யாரும் வேலை தரவில்லை, மடங்கிய கைக்குக் கிடைத்த பிச்சைகூட இப்போது இல்லை என்றார்கள். அந்த இடத்தில் மகன் அப்பாவின் வழியில் போனார். மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்று ஒன்று தொடங்கித் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். கையை நிமிர்த்தியது போதாது, அந்தக் கைக்கு வேலை வேண்டும். மறுபடியும் கிணற்றுச் சுவர்தான்.

பவுல் அப்போஸ்தலர் சபையை ஓர் உடம்பு என்கிறார். ஓர் உறுப்பு நோகும்போது எல்லா உறுப்பும் சேர்ந்து நோகும் என்கிறார். பால் பிராண்ட் அந்த வசனத்தைத் தொழுநோயாளிகளின் கையைப் பிடித்துக்கொண்டு படித்தவர். வலி உணராத உடம்பு எப்படி அழிகிறது என்பதை அவர் புத்தகங்களில் திரும்பத் திரும்ப எழுதினார். நான் அதை நம் சமவெளிக்குக் கொண்டுவந்து கேட்கிறேன். ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைக் களத்தில் விடியலில் இருந்து குச்சிக்கிழங்குத் தோல் சீவுகிற பெண்ணின் உள்ளங்கை பால் பட்டுக் கறுத்து வெடித்திருக்கும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் அட்வான்ஸ் வாங்கிய ஒரே காரணத்தால் வேறு தறிக்குப் போக முடியாமல் நிற்கிற குடும்பங்கள் உண்டு. கடன் அடைக்கச் சிறுநீரகத்தை விற்றவர்களைப் பற்றி வருடக்கணக்காகச் செய்தி வந்துகொண்டிருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். இந்தத் தறிகளை ஓட்டுகிற முதலாளிகளிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், தறியில் நிற்கிறவர்களிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே காணிக்கைப் பையில் கை விடுகிறார்கள். அந்தப் பைக்குள் யாக்கோபு சொன்ன கூக்குரல் கேட்கிறதா இல்லையா? எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர், அவர் கிறிஸ்தவரும் அல்ல, தன்னிடம் இருந்த நாலு குடும்பத்தின் அட்வான்ஸ் சீட்டையும் ஒரு தீபாவளிக்கு முன்னால் கிழித்துப் போட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவரிடம் வேலை பார்த்த பெண் சொல்லித்தான் எனக்கே தெரியும். யாக்கோபு சொன்ன பக்தி எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அந்தத் தறிக்கூடத்தைக் காட்டுவேன்.

இதோடு நிறுத்திக்கொள்கிறேன். போன மாதம் எங்கள் பங்குப் பேரவையில் நான் எழுந்து, சுவரை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். பெரிய சத்தம் ஆகிவிட்டது. என் பங்காளிகள் சிலர் இப்போது என்னோடு பேசுவதில்லை. முடிவு தள்ளிப் போயிருக்கிறது. என்னால் ஆனது ஒன்று உண்டு. என் அம்மா கல்லறை எங்கள் பக்கத்தில் சுவரை ஒட்டினாற்போல் இருக்கிறது. அதற்கு நேராக அந்தப் பக்கத்தில் எங்கள் உபதேசியாரின் கல்லறை. எனக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர், காலனிக்காரர். வருகிற கல்லறைத் திருநாளுக்கு நான் அந்தப் பக்கத்துக் கேட் வழியாகப் போய் முதலில் அவருக்கு விளக்கேற்றப் போகிறேன். பேத்திக்கு இப்போது ஒன்பது வயது, தானும் வருகிறேன் என்கிறாள். சாமியாரிடமும் இந்த வருடம் அந்தப் பக்கத்திலிருந்து தீர்த்தம் தெளிக்கத் தொடங்குங்கள் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.